மஞ்சள் நூல் கட்டிய பெட்டி

அத்தியாயம் பதினேழு

பழனியின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்பதற்கென ஆதிநாராயணன் குறித்த நாள் விடிந்துவிட்டது. நாள் குறித்தவர் அவர். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அவருடைய இளைய மருமகள் நளினி. அவளுடைய சம்மதத்தை மட்டும் எவரும் கேட்கவில்லை.

திருப்பதியில், ரேணிகுண்டா சாலைக்கு உட்புறமாக அமைந்திருந்த அவர்களுடைய பட்டறை மாடியில், வெயில் ஏறுவதற்கு முன்பே அவள் வந்து அமர்ந்திருந்தாள். நகரிப் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்த ஆதிநாராயணன், மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிச் சுருள் கட்டிப் பிழைக்கத் தொடங்கிய இடம் அது. பிள்ளைகள் திலீப்பும் யஸ்வந்தும் தலையெடுத்த பின்னர், இயந்திரங்களின் ஒலியைக் கேட்டு அவற்றின் நோயைச் சொல்லும் பெட்டிகள் அங்கே உருவாயின. மூத்தவன் திலீப் பெங்களூருக்கு வேலைக்குப் போனதும், அவன் விட்டுச் சென்ற நிரல் எழுதும் பணி நளினியின் கைக்கு வந்தது.

அவள் கைக்கு வந்த முதல் பெட்டி சித்தூர் அருகே ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்குப் போனது. கூழ் பிழியும் இயந்திரத்தின் மேல் அதைப் பொருத்தியவன் அவள் கணவன் யஸ்வந்த். அங்கே வேலை செய்த பழனியிடம், பச்சை விளக்கு எரிந்தால் அச்சமில்லை என்றும், சிவப்பு எரிந்தால் எதையும் பாராமல் ஓடிவிட வேண்டுமென்றும் சொல்லிக்கொடுத்தவனும் அவனே. மூன்று வாரங்களுக்கு முன் அவ்வியந்திரத்தின் பேரிங் நொறுங்கி, மூடி பிய்த்துக்கொண்டு பறந்து, பழனியின் வலக்கை விரல்களைக் கொண்டுபோயிற்று. அப்போது பெட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

“நளினி புதுசா எழுதுன புரோகிராம்தான்” என்று வீட்டில் ஒருவர் சொன்னார். பிறகு எல்லோரும் சொன்னார்கள். கணவன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை ஆதரவு என்று அவள் எண்ணியிருந்தாள்.

ஆலைக்காரர்கள் விசாரணை முடியும்வரை பெட்டியைத் தங்களிடமே வைத்திருந்து, நேற்று மாலைதான் திருப்பி அனுப்பினார்கள். இப்போது அது அவள் முன்னால் இருந்தது. அதன் நெற்றியில் குங்குமம் காய்ந்து கறுத்திருந்தது. குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய மஞ்சள் நூல் அப்படியே இருந்தது.

அந்த நூல் ஆதிநாராயணனின் நியமம். புதுக் கார்களைப் போலவே அவர்கள் பட்டறையின் ஒவ்வொரு பெட்டியும் முதலில் அலிபிரிக்குப் போகும். திருமலை ஏறும் அந்த அடிவாரத்தில் பூசை நடக்கும். அவர் தம் கையாலேயே மஞ்சள் தோய்த்த நூலைச் சுற்றி முடிச்சிடுவார். “சாமி பாத்த பெட்டியில ஸ்க்ரூ டிரைவர் போடக்கூடாது” என்பது அவ்வீட்டின் சட்டம். மீறியவர் இதுவரை இல்லை.

பெட்டிக்குள் இருப்பது உள்ளங்கையளவுப் பலகை ஒன்று. அதிலே இரண்டு மூளைகள். பெரிய மூளையில் லினக்ஸ் என்னும் இயக்க மென்பொருள் ஓடும். கோப்புகளைக் காப்பதும், வெளியுலகத்தோடு பேசுவதும், விளக்கேற்றுவதும் அதன் பொறுப்பு. சின்ன மூளையை டி.எஸ்.பி. என்பார்கள். அதற்கு ஊர்வம்பு கிடையாது. காதில் விழும் ஒலியைக் கூறுபோட்டு ஓயாமல் கணக்குப் பார்ப்பது ஒன்றே அதன் தொழில். ஒரே பலகையில் குடியிருந்தாலும் ஒன்றின் உள்விவகாரம் மற்றொன்றுக்குத் தெரியாது. நடுவிலே பொதுவாக இருக்கும் நினைவகத்தில் சேதியை வைத்து எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் உறவு.

திலீப் எழுதிய பழைய நிரல், ஒலி குறித்ததோர் எல்லையைத் தாண்டினால் மட்டுமே சிவப்பு விளக்கைக் கேட்கும். நளினி எழுதியது அப்படியன்று. பேரிரைச்சலுக்கு அடியில், தேய்ந்துபோன பேரிங் சன்னமாகத் தட்டும் தட்டலைப் பிரித்தெடுக்கும். மேசைமேல் இருந்த மற்றொரு பலகையில் இந்த மூன்று வாரமும் அதை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். ஒருமுறையும் அது தவறவில்லை. தவறாத நிரல் ஆலையில் ஏன் ஊமையாயிற்று என்பது அவளுக்கு விளங்கவேயில்லை. தன் எழுத்தின் ஒவ்வொரு வரியையும் சந்தேகித்து, உறக்கத்தையும் கெடுத்துக்கொண்டாள்.

இன்று பெட்டியே கைக்கு வந்துவிட்டது. புதுப் பலகையைத் தொடும் எவரும் முதலில் செய்கிற அரிச்சுவடி வேலையை அவள் செய்தாள். கண்விழித்ததும் ‘வந்துவிட்டேன்’ என்று ஒரு சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்படி சின்ன மூளைக்கு ஒரு வரியைத் தன் நிரலில் சேர்த்தாள். கம்பி வழியாகப் பெட்டிக்குள் அனுப்பினாள். லினக்ஸ் மறுப்பின்றி வாங்கிக்கொண்டது. பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்தாள்.

திரையில் சின்ன மூளையின் குறிப்பு விரிந்தது. முதல் வரியில் ‘கோவிந்தா’ என்று இருந்தது.

நளினி நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள்.

தான் எழுதும் ஒவ்வொரு நிரலும் கோவிந்தா சொல்லிக்கொண்டே எழ வேண்டுமென்பது திலீப்பின் பழக்கம். தன் நிரலிலிருந்து அவ்வரியை அவள் முதல் வாரமே எடுத்துவிட்டிருந்தாள்.

சின்ன மூளையின் நிலை என்னவென்று லினக்ஸைக் கேட்டாள். ‘ஓடுகிறது’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஒட்டிக்கொண்டது’ என்று பதில் வந்தது. அதற்குப் பொருள் ஒன்றுதான். லினக்ஸ் விழிப்பதற்கு முன்பே யாரோ சின்ன மூளையை எழுப்பி வேலையில் அமர்த்தியிருக்கிறார்கள். லினக்ஸ் பின்னால் வந்து, ஓடிக்கொண்டிருப்பதோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. அவள் அனுப்பிய நிரல் வெறும் கோப்பாக ஒரு மூலையில் படுத்துக்கிடக்கிறது. அன்றும் அப்படித்தான் கிடந்திருக்கும்.

அவள் திலீப்பைத் தொலைபேசியில் அழைத்தாள். கணவனின் அண்ணனை அப்பக்கத்து வழக்கப்படி ‘பாவா’ என்பாள்; பிள்ளைகள் தந்தையை ‘நைனா’ என்பார்கள்.

“பாவா, சித்தூர் பெட்டியில டி.எஸ்.பி.யெ லினக்ஸுக்கு முன்னாடியே எழுப்பறாப்பல வச்சிருக்கீங்களா?”

“ஆமாம்மா. அங்க அடிக்கடி கரண்டு போய்ப் போய் வருதே! லினக்ஸ் எழுந்து வர்ற வரைக்கும் பெட்டி குருடாட்டம் இருக்கக்கூடாதுன்னு பூட் ஆகும்போதே எழுப்பிட்டேன். ஏன்?”

“அப்படின்னா புது புரோகிராம எப்படி மாத்தறது?”

“பெட்டியெ தொறந்து, உள்ளே இருக்கிற பட்டனெ அழுத்திக்கினே கரண்டு குடுக்கணும். சும்மா காப்பி பண்ணா ஏறாது. யஸ்வந்துக்குச் சொன்னேனே.”

“எப்போ சொன்னீங்க?”

“பெட்டி சித்தூருக்குப் போறதுக்கு முந்தின நாளு. ‘பூசை ஆயிடுச்சு, நைனா நூல் கட்டிட்டாரு, இப்போ தொறந்தா கத்துவாரு’ன்னான். காப்பி பண்ணா போதாதான்னு கேட்டான். போதாதுடான்னேன். சரி, நான் பாத்துக்கறேன்னான். மறுநாள் கேட்டதுக்கு மாத்திட்டேன்னு சொன்னான்.” பின் திலீப் கேட்டான்: “ஏம்மா, மாத்தலையா? நீயே தப்ப ஒத்துக்கினேன்னு நைனா சொன்னாரே?”

“நான் எதையும் ஒத்துக்கல பாவா” என்று சொல்லி அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

விபத்து நாளின் ஒலியைப் பெட்டி தனக்குள்ளேயே பதிந்து வைத்திருந்தது. அதை எடுத்து மீண்டும் பெட்டிக்கே ஊட்டினாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளக்கையே பார்த்திருந்தாள். பச்சை எரிந்தது. இரைச்சல் ஏற ஏற, பழைய நிரலின் எல்லையை எட்டாததால் பச்சையே எரிந்தது. முடிவு வருமுன் காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாள். அந்த முடிவிலே பழனியின் குரல் இருக்கும்.

பிறகு கட்டரை எடுத்து மஞ்சள் நூலை அறுத்தாள். திருகாணிகளைக் கழற்றினாள். பட்டனை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்தாள். தன் நிரலை ஏற்றினாள். திரையில் ‘வந்துவிட்டேன்’ என்று வந்தது.

அதே ஒலியை மறுபடியும் ஊட்டினாள். இரைச்சல் இன்னும் ஏறவேயில்லை, அதற்குள் சிவப்பு எரிந்தது. ஒரு மனிதன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, ஆலையைக் கடந்து, வாசலில் நின்று தேநீர் குடிக்கலாம். அத்தனை அவகாசம் இருந்தது.

தான் குற்றமற்றவள் என்று தெரிந்ததில் நளினிக்கு மகிழ்ச்சி வரவில்லை.

“இன்னா பண்ணிக்கினு இருக்கே? காலைல ஒண்ணும் துன்னாம வந்துட்டேன்னு அம்மா சொல்றாங்க” என்றவாறு யஸ்வந்த் படியேறி வந்தான். மேசைமேல் அறுந்து கிடந்த நூலைக் கண்டதும் நின்றான்.

“ஐயோ! இதெ ஏன் அறுத்தே? நைனா பாத்தா?”

“அவரெ நெனச்சாத்தான் பயமா? பழனி அண்ணன் கையெ நினைச்சா பயமில்லையா உங்களுக்கு?”

அவன் கதவைச் சாத்தினான்.

“பாவாகிட்ட பேசிட்டேன்” என்றாள் அவள்.

யஸ்வந்த் ஸ்டூலை இழுத்து அமர்ந்தான். கழுத்து வியர்வையைத் துடைத்தான். “அடுத்த வாரம் சர்வீசுக்குப் போறப்ப நைசா தொறந்து மாத்திடலாம்னு இருந்தேன் நளினி. ஒரு வாரந்தானேன்னு நினைச்சேன். யாருக்குத் தெரியும் அதுக்குள்ள…”

“அன்னிக்கு நெனச்சது தப்பு. சரி. அதுக்கப்புறம் மூணு வாரமா ஏன் பேசல? எல்லாரும் என்னெப் பேசறாங்க. நீங்க பக்கத்துல உக்காந்து சோறு துன்னுக்கினு இருந்தீங்க.”

“நைனா தன் கையால கட்டுன நூலும்மா அது. அந்த நூலாலதான் ஒருத்தன் கை போச்சுன்னு தெரிஞ்சா தாங்குவாரா? நீன்னா…”

“நான்னா?”

“புதுசா வேலெ கத்துக்கினவ, தப்பு நடந்துடுச்சுன்னு ரெண்டு நாள் பேசிட்டு விட்டுடுவாங்க.”

நளினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். மணமான நாள்முதல் அவன் முகத்தை அவள் எத்தனையோ முறை பார்த்ததுண்டு. அதில் தனக்கென ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதை இன்றுதான் கண்டாள்.

“நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல” என்றாள் நிதானமாக. “பழனி அண்ணன் வீட்டுல நீங்களே சொல்லணும். சொல்லிட்டீங்கன்னா, மாமா உங்களெ அடிக்க வந்தாலும் நடுவுல நான் நிப்பேன்.”

“சொல்றேன்” என்றான் அவன். மிக விரைவாகச் சொன்னான்.

கீழிருந்து ஆதிநாராயணனின் குரல் வந்தது. “கெளம்பலாமா? ராவுகாலம் வர்றதுக்குள்ள பூத்தலப்பட்டு தாண்டிடணும்!”

காரை யஸ்வந்த் ஓட்டினான். முன்னிருக்கையில் ஆதிநாராயணன் தாம்பாளத்தை மடிமேல் வைத்துக்கொண்டிருந்தார். தேங்காய், வெற்றிலை பாக்கு, சாத்துக்குடி, ஆப்பிள். சம்பந்தம் பேசப் போகிறவரைப் போல வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். பின்னிருக்கையில் நளினியின் பக்கத்தில் துணிப்பை இருந்தது. சந்திரகிரியைக் கடக்கும்போது அவர் திரும்பிப் பார்த்தார்.

“பையில இன்னாம்மா?”

“பெட்டி மாமா.”

“அதெ எதுக்கு எடுத்துக்கினு வர்றே? அந்தப் பையன் பாத்தா மனசு கஷ்டப்படாதா?”

“அவரு பாக்கணும் மாமா.”

“சரே” என்று அவர் முன்புறம் திரும்பிக்கொண்டார். “பழனி பொண்சாதிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இன்னா சொன்னாலும் தலெ குனிஞ்சி கேட்டுக்கோ. தப்பு செய்யறது பெருசில்ல. போய் நின்னு கேக்கணும். அதான் நம்ம குடும்பத்து மரியாதெ.”

கண்ணாடியில் யஸ்வந்தின் கண்கள் ஒருகணம் அவளைத் தேடின. அவள் சாலையோரத்து மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தூரின் வெளிப்புறத்தில் வரிசைவீடு ஒன்றில் பழனி குடியிருந்தான். சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். வலக்கையில் முழங்கைவரை கட்டு இருந்தது. இடக்கையால் நாற்காலியை நகர்த்த எழுந்தான். அவன் மனைவி சந்திரம்மா அவனைத் தடுத்துத் தானே நாற்காலிகளைப் போட்டாள்.

“உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா, இல்ல அதுவும் பூசை பண்ணித்தான் குடிப்பீங்களா?” என்றாள் அவள்.

ஆதிநாராயணன் அதைக் கேளாதவர்போல் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பழனி, நடந்தது நடந்துபோச்சு. எங்க வீட்டுப் பொண்ணு எழுதுனதுல தப்பு வந்துடுச்சு. அறியாத பொண்ணு. உன் முன்னாடி நின்னு மன்னிப்பு கேக்கணும்னு நான்தான் கூட்டிக்கினு வந்தேன்.”

நளினி கணவனைப் பார்த்தாள். யஸ்வந்த் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தான்.

“கேளும்மா” என்றார் மாமனார்.

அவள் மறுபடியும் கணவனைப் பார்த்தாள். அவன் மெல்ல, “சீக்கிரம் கேட்டுடு நளினி, வெயிலுக்கு முன்னே திரும்பணும்” என்றான்.

அதன்பின் அவள் அவனைப் பார்க்கவில்லை. பையிலிருந்து பெட்டியை எடுத்துத் தாம்பாளத்தின் பக்கத்தில் வைத்தாள். மடிக்கணினியைத் திறந்து இரண்டையும் கம்பியால் இணைத்தாள். சுவரிலிருந்த பிளக்கில் மின்சாரம் கொடுத்தாள்.

“பழனி அண்ணா, இது அன்னிக்கு உங்க மெஷின் போட்ட சத்தம். பெட்டியே பதிஞ்சு வச்சிருந்தது. நீங்க இந்த விளக்கை மட்டும் பாருங்க.”

அறையில் கூழ் பிழியும் இயந்திரத்தின் ஓசை எழுந்தது. பச்சை எரிந்தது. பழனியின் உடல் தானாகப் பின்வாங்கிற்று. சந்திரம்மா அவன் தோளைப் பற்றிக்கொண்டாள். சிறிது நேரத்தில் பச்சை அவிந்து சிவப்பு எரிந்தது.

“அன்னிக்கு இது எரியலியே!” என்றான் பழனி. “பச்ச எரிஞ்சிக்கினு இருந்துச்சுன்னுதானே நான் கிட்டப் போயி மூடியில கை வச்சேன்!”

“அன்னிக்கு உள்ளே ஓடுனது பழைய புரோகிராம் அண்ணா. இது நான் எழுதுனது. இதெ ஏத்தணும்னா பெட்டியெ தொறக்கணும். தொறக்கணும்னா நூலெ அறுக்கணும். யாரும் அறுக்கல.”

ஆதிநாராயணன் குனிந்து பெட்டியைப் பார்த்தார். நூல் இல்லாத இடத்தில் மஞ்சள் தடம் மட்டும் இருந்தது. அவர் மகனிடம் திரும்பினார்.

“தொறக்கணும்னு உனக்குத் தெரியுமாடா?”

“எனக்குத் தெரியாது நைனா” என்றான் யஸ்வந்த். “டி.எஸ்.பி. சமாச்சாரமெல்லாம் அண்ணனுக்குத்தான் தெரியும்.”

இயந்திரத்தின் ஓசை ஏறிக்கொண்டே இருந்தது. அது எங்கே போய் முடியும் என்பதை அறிந்த நளினி, நிறுத்துவதற்காகக் கையை நீட்டினாள்.

“நிறுத்தாதம்மா” என்றான் பழனி. “ஓடட்டும். இவங்களும் கேக்கட்டும்.”

ஓசை பேரிரைச்சலாயிற்று. அதனுள்ளே இரும்பு இரும்பை உரசியது. யஸ்வந்த் எழுந்து, “போன் வருது” என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அவன் சட்டைப்பையில் எந்த ஒலியும் எழவில்லை. அவன் நிலைப்படியைத் தாண்டுகையில் இயந்திரம் உடைந்தது. அதன்பின் பழனியின் அலறல் வந்தது. சந்திரம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பழனி மட்டும் யாரோ ஒருவனுடைய குரலைக் கேட்பவன்போல் அசையாமல் இருந்தான்.

பதிவு முடிந்தது. வெளியே யாரோ குழாயடியில் குடம் வைக்கும் ஓசை கேட்டது.

“நூலெ யாரு அறுத்தது?” என்று ஆதிநாராயணன் கேட்டார். குரல் வெகு தாழ்ந்திருந்தது.

“நான்தான் மாமா. இன்னிக்குக் காலைல.”

“என்னெ ஒரு வார்த்தெ கேட்டிருக்கலாமே.”

“அன்னிக்கு யாராவது வந்து கேட்டிருந்தா, அறுக்க விட்டிருப்பீங்களா மாமா?”

அந்த நூலை முடிச்சிட்ட அவர் விரல்கள் தாம்பாளத்தின் விளிம்பைப் பற்றின. வெற்றிலைகள் சரிந்து தரையில் விழுந்தன.

சந்திரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “மன்னிப்பு கேக்க வந்தீங்களே பெரியவரே. இப்போ யாரு கேக்கப் போறீங்க?”

“யஸ்வந்த்!” என்று ஆதிநாராயணன் வாசலை நோக்கிக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

காரின் கதவு அறைந்து மூடும் ஓசை கேட்டது. எஞ்சின் உறுமியது. தெருமுனை திரும்பும்வரை அவ்வோசை கேட்டு, பின் கேட்காமற்போயிற்று. நளினி எழுந்து பார்க்கவில்லை. தந்தையையும் மனைவியையும் அந்நிய வீட்டில் விட்டுவிட்டு எந்தப் பக்கம் போகிறான் என்று அறியும் ஆவலும் அவளுக்கு அக்கணம் எழவில்லை.

பெட்டியில் சிவப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பழனி அதையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தான். கட்டுப் போட்ட கையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டான்.

“செவப்பு எரிஞ்சா எதையும் பாக்காம ஓடிடணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது அவருதான்” என்றான். “பரவால்ல. அவராவது ஓடிட்டாரு.”